அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள்: வீட்டுக் கணினி, இணையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியோ இணையமோ தகராறு செய்தால் உடனே புதிது வாங்கச் சொல்ல ஆள் நிறைய உண்டு. தகராறு எதில் என்று கண்டுபிடிக்கச் சொல்பவர்கள்தான் குறைவு. இந்தப் பக்கம் அந்த இரண்டாவது வேலைக்கு.

100 எம்பி இணைப்பு என்றார்கள். டவுன்லோடு 12-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை, முழுதாகவே வருகிறது. இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. இதே ரகக் குழப்பம்தான் 1 டிபி டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும். தயாரிப்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது.

வைஃபை மெதுவாக இருக்கிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

முதலில் வைஃபையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளிலும் மெதுவாக இருந்தால் கோளாறு வைஃபையில் இல்லை. புது ரவுட்டர் வாங்கினாலும் பெரும்பாலும் அதே வேகம்தான்.

கேபிளில் அளக்கும்போது 93, 94 என்று ஒரு எண் வந்து அசையாமல் நின்றால் அது நல்ல துப்பு. நீங்கள் கட்டணம் கட்டுவது 200-க்கோ 300-க்கோ என்றால், வழியில் ஏதோ ஒன்று 100 மெகாபிட்டில் ஓடுகிறது. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். கதவிடுக்கில் நசுங்கியோ, முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்து பாதி கழன்றோ ஒரே ஒரு கம்பி தொடர்பு இழந்தாலும், இரு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளலாம். எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் இணைப்பு வேகம் 1000/1000 என்று இருக்கிறதா, 100/100 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100 என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் ரவுட்டரின் துளையே 100 வரைதான் தாங்கும் ரகமாக இருக்கலாம். புது ரவுட்டருக்கு நியாயமான காரணம் அப்போதுதான் வருகிறது.

கேபிளில் வேகம் சரி, வைஃபையில்தான் இல்லை என்றால் பெரும்பாலும் இடம்தான் தவறு. இரும்பு அலமாரிக்குப் பின்னாலோ, டிவிக்கு அடியிலோ, வீட்டின் ஒரு மூலையிலோ ரவுட்டர் இருந்தால் அலை பாதி அங்கேயே செத்துவிடும். உலோகம், பெரிய கண்ணாடி, மீன் தொட்டி மூன்றும் வைஃபைக்கு ஆகாதவை. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அதே அறையில் இருக்கும் கருவிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டியிருப்பவற்றுக்கு 2.4. இந்த 2.4-இல் சேனல் 1, 6, 11 தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை அலையோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். "3 காலியாக இருக்கிறதே" என்று அதில் போய் உட்கார்ந்தால், 1-இல் இருப்பவரும் 6-இல் இருப்பவரும் சேர்ந்து உங்களை இடிப்பார்கள். நீங்களும் அவர்களை இடிப்பீர்கள்.

ரிப்பீட்டர் வாங்குவதாக இருந்தால், அதை அலை வராத அறையில் வைக்கக்கூடாது. அங்கே அதற்கே ஒன்றும் கேட்காது, எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரகம் வேகத்தைப் பாதியாக்கிவிடும். ஒரு கேபிளை இழுத்து மறுமுனையில் ஆக்செஸ் பாயிண்ட் (அங்கிருந்து வைஃபை பரப்பும் கருவி) மாட்டுவது அசிங்கமாகத் தெரியலாம்; ஆனால் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

வேகச் சோதனையில் நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனால் வீடியோ அழைப்பு மட்டும் திக்குகிறது. ஏன்?

வேகம் வேறு, தாமதம் வேறு. வீட்டில் ஒரு போன் பின்னணியில் புகைப்படங்களை மேகத்துக்கு (இணையச் சேமிப்பகத்துக்கு) ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு வழி நிறைந்ததும் ரவுட்டரோ மோடமோ மிச்சத்தை வரிசையில் நிறுத்தி வைக்கும். உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். ஒன்றும் தொலைவதில்லை, எல்லாம் தாமதமாகப் போய்ச் சேரும். பஃபர்புளோட் என்பது இதன் பெயர்.

சோதிப்பது எளிது. கமாண்ட் விண்டோவைத் திறந்து 1.1.1.1 என்ற முகவரிக்கு பிங் கட்டளையை நிற்காமல் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 10, 20 மில்லிசெகண்ட் என்று வரும். இப்போது ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். எண் 300, 500 என்று எகிறினால் நோய் இதுதான். ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் சுமார் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாகப் போடுங்கள். 10 விழுக்காடு போகிறதே என்று வருந்த வேண்டாம்; வரிசை இனி மோடத்தில் சேராது, ரவுட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும், குரலுக்கு முன்னுரிமை கிடைக்கும். அந்த வசதி இல்லாத ரவுட்டரா? அழைப்பு நேரத்தில் புகைப்பட ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள், அதுவே பாதி மருந்து.

டிஎன்எஸ்ஸை மாற்றினால் இணையம் வேகமாகுமா?

டவுன்லோடு வேகமாகாது. பெயரை எண்ணாக மாற்றும் தொலைபேசிப் புத்தகம்தான் டிஎன்எஸ். புத்தகம் வேகமாகத் திறந்தால் பக்கம் திறக்கத் தொடங்குவது ஒரு நொடியின் சிறு பங்கு முந்தும். உங்கள் சேவையாளரின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்துவிட்டால் மட்டும் 1.1.1.1, 9.9.9.9 போன்றவற்றுக்கு மாறுவதில் பொருள் உண்டு.

கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. புதிது வாங்கலாமா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100-ஐத் தொட்டு நிற்கிறது என்று பாருங்கள். கணினி மெதுவாகத் தெரியும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும், அப்புறம் பார்த்துப் பயனில்லை.

டிஸ்க் 100 என்று நிற்கிறது, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், விடை கிடைத்துவிட்டது. சுழலும் டிஸ்கின் முள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். நொடிக்கு நூறு சின்ன வேலைகள், அவ்வளவுதான். சுழலாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் முள்ளே இல்லை, நொடிக்குப் பல்லாயிரம் வேலைகள் முடியும். இந்த ஒரு மாற்றம் பழைய கணினிக்குச் செய்வதை வேறெந்தச் செலவும் செய்யாது. மாற்றும் முன், எம்.2 வகை துளையானால் அது சாட்டாவா, என்விஎம்இயா என்று உறுதி செய்யுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுக்கான துளையில் மற்றது உட்கார்ந்தாலும் வேலை செய்யாமல் போகலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் குளோன் செய்யும் முன், அதாவது முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுக்கும் முன், அதன் மீட்பு விசையை எழுதி வையுங்கள். மாற்றியபின் பழைய டிஸ்கை உடனே அழிக்காதீர்கள், இரண்டு வாரம் இழுப்பறையில் கிடக்கட்டும்.

மெமரி நிறைந்து நிற்கிறதா? 8 ஜிபியில் இன்றைய பிரவுசரும் ஒரு வீடியோ அழைப்பும் சேர்ந்தால் மூச்சு முட்டும். 16 இருந்தால் நிம்மதி.

முதல் ஐந்து நிமிடம் ஓடி, பிறகு தவழ்ந்தால் அது சூடு. சிபியுவின் கிகாஹெர்ட்ஸ் எண் அதன் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். விசிறியிலும் காற்று வெளியேறும் தகடுகளிலும் தூசி கம்பளம் போல் படிந்திருக்கும். அழுத்தக் காற்றால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும்.

எதுவும் நிறையவில்லை, சும்மாவே மந்தமாக இருக்கிறதா? அதே பக்கத்தில் 'அப் டைம்' (கணினி தொடர்ந்து ஓடும் நேரம்) என்ன சொல்கிறது என்று பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்தும் அது 20 நாள் என்று காட்டினால் வியக்க வேண்டாம். விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்கருவை டிஸ்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எழுப்புகிறது. உண்மையில் எல்லாவற்றையும் துடைத்துத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். பெயர்கள் தலைகீழாக வைத்தது போல் இருக்கும், ஆனால் அப்படித்தான்.

ரேம் க்ளீனர் போடலாமா?

வேண்டாம். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. க்ளீனர் துடைப்பதை எல்லாம் இயங்குதளம் மறுபடி டிஸ்கிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும்.

என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. தூக்கிப் போடுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளில் இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். முதலில் அங்கே பாருங்கள். சிபியுவே பழசு என்றால், பிரவுசரும் ஆவணங்களும் மட்டும் பயன்படுத்துபவருக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்: வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட கணக்கு மென்பொருளோ, அலுவலகச் செயலியோ விண்டோஸில்தான் ஓடும் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். லினக்ஸ் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாமே?

அந்த வழக்கத்துக்கு வேர், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. எழுதியவர் பில் பர். மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? 'பூங்கா1!' என்பதை 'பூங்கா2!' ஆக்குவார்கள். 2017-இல் நிஸ்ட் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அதை எழுதியதற்கு வருந்துவதாக பர்ரும் அதே ஆண்டு சொன்னார். கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

உண்மையான ஆபத்து ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் போடுவது. ஒரு சின்னத் தளம் கசிந்தால், அந்த மின்னஞ்சல்-கடவுச்சொல் ஜோடியை மற்ற எல்லாத் தளங்களிலும் நிரல் வைத்து முயல்வார்கள். இதற்கு பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகம்தான் மருந்து. பெட்டகத்தின் தலைமைக் கடவுச்சொல்லுக்கு 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொற்களை எடுங்கள். பகடைதான் எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்தால் பிடித்த நடிகரும் செல்ல நாயும் வந்துவிடும். அதைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைப்பதில் தவறே இல்லை.

பெட்டகத்தின் இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை: போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. நிரப்ப மறுத்தால் எரிச்சலில் கையால் ஒட்டாதீர்கள். முகவரியைப் பாருங்கள்.

முகவரியில் எதைப் பார்ப்பது? பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாமா?

பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் திருடரின் தளத்திலும் பூட்டு இருக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

முகவரியை வலமிருந்து படியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

மைவங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/மைவங்கி/உள்நுழைக

முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ளதை மறந்துவிடுங்கள், அங்கே யாரும் எதையும் எழுதலாம். கோட்டிலிருந்து இடப்பக்கமாக, புள்ளிகளால் பிரிந்த இரண்டு துண்டு: 'கணக்கு-சரிபார்ப்பு.நெட்'. தளத்தின் உரிமையாளர் அவர்தான். அதற்கும் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'மைவங்கி.காம்' வெறும் முகமூடி. சில நாட்டு முகவரிகளில் வாலே இரண்டு துண்டாக இருக்கும், அங்கே மூன்று துண்டு எண்ணுங்கள். போனில் முகவரிப் பட்டை குறுகலாக இருப்பதால் முன்பகுதி மட்டுமே தெரியலாம். தட்டி, முழுதாக நகர்த்திப் பாருங்கள்.

ஓடிபி வருகிறதே, அது போதாதா?

ஒன்றும் இல்லாததற்கு மேல். ஆனால் குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கு வருகிறது, உங்களுக்கு அல்ல. எண்ணை யாராவது ஏமாற்றி வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டால் ஓடிபியும் அங்கே போகும். 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி மேல். அந்த இலக்கங்கள் திடீரென்று ஏற்கப்படாமல் போனால் போனின் கடிகாரத்தைச் சரிபாருங்கள்: கணக்கு நேரத்தை வைத்தே நடக்கிறது, கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகினாலும் எண் தவறாகிவிடும். போலிப் பக்கத்தில் நீங்களே ஆறு இலக்கத்தைத் தட்டிக் கொடுத்தால் செயலியாலும் காப்பாற்ற முடியாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ என்ற டிஜிட்டல் சாவி முகவரியோடு பிணைந்தது, போலித் தளத்தில் இயங்காது. தளம் அதைத் தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அதோடு தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வையுங்கள். போன் தொலைந்த அன்றுதான் அதன் அருமை தெரியும்.

இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதா? விபிஎன்?

இன்காக்னிட்டோ உங்கள் கணினியில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. அலுவலக நெட்வொர்க்குக்கும் இணையச் சேவையாளருக்கும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும். எல்லாவற்றையும் இன்னொருவரின் சர்வர் வழியே மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டால் அவர்களுக்குத் தெரியாது, விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். இலவச விபிஎன் நடத்துபவர் எதில் சம்பாதிக்கிறார் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அதைப் போடாதீர்கள்.

எல்லாம் மேகத்தில் ஒத்திசைவாகிறது. பேக்கப் தனியாக வேண்டுமா?

வேண்டும். ஒத்திசைவு என்பது கண்ணாடி: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பணம் பறிக்கும் நச்சு நிரலான ரான்சம்வேர் இங்கே கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய பிரதியும் அங்கே ஏறும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 கணக்கு இன்றும் சரி. வெளி டிஸ்கில் நகலெடுத்து முடித்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்; செருகியே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

தவறி அழித்துவிட்டால்: மெமரி கார்டு என்றால் உடனே எழுதுவதை நிறுத்தி, ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலால் வேறொரு டிஸ்கில் மீட்டெடுக்கலாம். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ட்ரிம் கட்டளை அழித்த இடத்தைச் சிறிது நேரத்தில் வெறுமையாக்கிவிடும். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் எந்த நிரலையும் ஓட்டாதீர்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள்.

பென்டிரைவில் இடம் இருக்கிறது, ஆனாலும் சினிமா ஏறவில்லை.

ஃபேட்32 வடிவம் ஒரு கோப்புக்கு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. உள்ளே உள்ளதை நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். நம்ப முடியாத மலிவில் 2 டிபி பென்டிரைவ் கிடைத்திருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 நிரலால் முழுதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலிகள் கணினியிடம் பொய்க் கொள்ளளவைச் சொல்லும். முதல் சில ஜிபி நன்றாகவே ஏறும், பிறகு ஏறுவதெல்லாம் காற்றில் போகும்.

டைப்-சி கேபிள் எல்லாம் ஒன்றுதானே?

வாய் மட்டும்தான் ஒன்று. போனோடு வரும் சார்ஜ் கேபிள் பலவும் உள்ளே யூஎஸ்பி 2.0, அதாவது 480 மெகாபிட். 100 ஜிபி வீடியோவை அதில் மாற்ற நடைமுறையில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். மின்சாரத்திலும் வேறுபாடு உண்டு: சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை. அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சார்ஜரிடம் சொல்லும் சில்லு கேபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாக ஏறினால், கேபிளைச் சந்தேகியுங்கள்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டுகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. யூனிக்கோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்ட வைத்திருந்தன. எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் உள்ள ஆங்கிலம் தலைகாட்டும். ஆவணத்தின் எழுத்துருப் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்றியில் யூனிக்கோடாக்குங்கள். மாற்றியபின் கொ, கோ, ஸ்ரீ வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள்: பழைய முறையில் கொம்பு முதலில், மெய் பிறகு, யூனிக்கோடில் தலைகீழ். தவறுவது அங்கேதான். இடையிடையே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்ப் பிதற்றலாக மாறியிருக்கும்.

யூனிக்கோடிலேயே ஒரு கண்ணி உண்டு. 'கௌரி' என்பதை 'கெளரி' என்று தட்டினால் திரையில் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும். பெயர்ப் பட்டியலில் ஒருவரைத் தேடி "இல்லை" என்று வந்தால், இரண்டாவது விதத்திலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.